எதிரணி இல்லாத ஆட்டம்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியும் உதைபந்தாட்டப் பகைமையும் பற்றிய சில குறிப்புகள்

தமிழிலே சமூக வரலாறு எழுதுவோர் கோயிலையும் கூத்தையும் நிலவுடைமையையும் சாதியையும் நுணுகி ஆராய்ந்துள்ளனர். விளையாட்டு மைதானத்தை அவர்கள் அவ்வாறு நோக்கவில்லை. முற்போக்கு முகாமைச் சேர்ந்த நாமும் இதற்கு விதிவிலக்கல்ல. உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் பொழுதுபோக்கு என ஒரு வரியிற் கூறிவிட்டு அப்பாற் செல்வதே நமது வழக்கமாயிருந்து வந்துள்ளது. திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் இவ்வழக்கிலிருந்து விலகி நின்றவர். 1963இல் வெளிவந்த அவரது கிரிக்கெற் நூல், தோலின் நிறமும் வர்க்க நிலையும் கழகத்துக்குக் கழகம் எவ்வாறு படிநிலைப்பட்டுக் கிடந்தன என்பதைக் காட்டிற்று. கறுப்பினக் கீழ்நடுத்தர வர்க்கத்தாரின் ஷனன் கழகத்தை விடுத்து, மாநிற நடுத்தர வர்க்கத்தாரின் மேப்பிள் கழகத்திலே தாம் சேர்ந்தமை தமது அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்தள்ளியது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒருவர் எந்தக் கழகத்தைச் சேர்கின்றார் என்பது அற்பமான வினாவன்று என்பதற்கு இதனை விஞ்சிய சான்று தேவையில்லை.

ஜேம்ஸ் ஆட்டக்காரர். நாம் இங்கு எடுத்துக்கொள்வதோ ஆட்டக்காரரை அன்று. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று ஆயுள் முழுவதும் ஓர் எதிரணியை வெறுத்து வாழும் இரசிகரை. ஆட்டக்காரர் கைகுலுக்கிப் பிரிவர். மறு பருவத்தில் எதிர்க் கழகத்துக்கே மாறியும் ஆடுவர். இரசிகர் மாறுவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் விழுந்த, அல்லது விழாத, ஒரு கோலை அவர் மறப்பதுமில்லை. இந்தப் பகைமையின் சமூக உள்ளடக்கம் யாது? இன வன்முறையாற் சிதைக்கப்பட்ட திருகோணமலை போன்றதொரு துறைமுக நகரிலே இவ்வினாவை எழுப்பும்போது, அது வெறும் விளையாட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை.

பார்வையாளர் இரு பிரிவாகி நிற்பது நமக்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத செய்தியைப் புறநானூற்றிலே சாத்தந்தையார் பாடியுள்ளார். அதே தலைவனைப் பாடிய நக்கண்ணையார், கண்டு நின்றோரில் ஒரு சாரார் வெற்றி அவனதே என்றும் மற்றொரு சாரார் அன்று என்றும் கூறியதைப் பதிவுசெய்கின்றார். வீரயுகப் பாடல்கள் பெரும்பாலும் வென்றவனையும் கொடுத்தவனையும் பாடுவன. அவற்றினிடையே பார்வையாளரின் வாக்குவாதம் ஒரு பெண்பாற் புலவரின் பாட்டிலே இடம்பெறுதல் கவனிக்கத்தக்கது.

கிழக்கிலங்கையின் கொம்புமுறி விளையாட்டு இன்னும் நெருங்கிய உதாரணமாகும். கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த இவ்விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு கூறாகப் பிரிந்து நிற்கும். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடங்கட்டி இழுப்பார்கள். எவரது கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். தோற்ற சேரியாரை வென்ற சேரியார் வசைபாடி நகையாடுவது சடங்கின் பகுதியேயாம். ஒருவர் எந்தச் சேரியைச் சேர்ந்தவர் என்பது பிறப்பால் அமைவது, விரும்பி மாற்றிக்கொள்வதன்று. சிங்களக் கிராமங்களிலும் பத்தினி வழிபாட்டையொட்டி அங்கெலிய என்ற பெயரில் இதே விளையாட்டு, மேலணி, கீழணி என்ற இதே பிரிவினையோடு வழங்கி வந்துள்ளது. மழை வேண்டியும் கொள்ளைநோய் நீங்கவும் நடத்தப்பெற்ற சடங்கு இது. ஊர் நலம்பெற வேண்டுமாயின் ஊர் முதலில் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று ஏச வேண்டும் என்ற விவசாய சமூகத்தின் எண்ணம் இதில் வெளிப்படுகின்றது. எந்தச் சேரியும் மற்றச் சேரி அழிந்தொழிய வேண்டுமென வேண்டியதில்லை. எதிர்ச்சேரி இல்லையேல் வடத்தின் மறுமுனையை இழுக்க ஆளில்லை.

உதைபந்து இந்த விவசாய உலகத்தினின்றும் வந்ததன்று. 1863இல் இங்கிலாந்தின் கனவான்கள் அதன் விதிகளை எழுதினர் என்பது உண்மை. ஆயினும், தொழிற்சாலைச் சட்டங்கள் வழியாகத் தொழிலாளி பெற்ற சனிக்கிழமை அரைநாள் விடுமுறையே அதனை வெகுசன விளையாட்டாக்கிற்று. மன்செஸ்ரர் யுனைற்றெட் 1878இல் புகையிரதத் தொழிலாளரின் கழகமாகத் தோன்றியது; ஆர்சனல் 1886இல் வூல்விச் படைக்கலச் சாலைத் தொழிலாளரின் கழகமாகத் தோன்றியது. நமது பொருளுக்கு இன்னும் நெருங்கியது, இலண்டன் கப்பற்றுறையின் இரு கழகங்களாகிய வெஸ்ற் ஹாம், மில்வோல் என்பவற்றின் தீராப்பகை. முன்னது 1895இல் தேம்ஸ் இரும்பு வேலைத்தளத்தின் கப்பல் கட்டுவோரிடையே உருவானது. பின்னது 1885இல் ஓர் உணவுப் பதனிடு தொழிற்சாலையின் தொழிலாளர் அமைத்தது. ஒரே ஆறு, ஒரேவித உழைப்பு, ஒரேவித வறுமை. 1926ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தில் ஒரு பகுதியார் நிற்க மறு பகுதியார் வேலைக்குச் சென்றதே இப்பகையின் காரணம் என்று ஒரு கதை வழங்குகின்றது. ஆய்வாளர் பலர் அதை நம்புவதில்லை. பகை அதற்கும் முந்தியது. ஆயினும் அக்கதை தோன்றியமை அர்த்தமுடையது. தமது வெறுப்புக்கு ஒரு நியாயம் வேண்டி நின்ற தொழிலாளர் அதனைக் கருங்காலித்தனம் என்ற வர்க்க ஒழுக்கத்தின் மொழியிலேயே தேடிக்கொண்டனர்.

திருகோணமலை 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் இயற்கைத் துறைமுகத்தை மையமாகக் கொண்டே பின்னைய ஒன்றரை நூற்றாண்டுகள் நகர வாழ்க்கை சுழன்றது. டொக்யாட் எனப் பொதுமக்கள் வழங்கிய கடற்படைத் தளம், சீனக்குடாவில் எழுந்த ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள், சரக்கேற்றும் மேடைகள் ஆகியன தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் ஆகியோரை ஒரே சம்பளப் பட்டியலுக்குள் கொணர்ந்தன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளும் அவர்களைப் பிரித்துப் பார்த்து விழவில்லை. கப்பற்படையினர் ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டம் மதிலுக்கு வெளியேயும் பரவியது. கிரிக்கெற்றுக்கு மட்டையும் காலுறையும் புற்றரையும் வேண்டும். உதைபந்துக்கு ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு பழகியவர்களே பின்னர் இன்றைய மக்கெய்சர் அரங்கு, ஏகாம்பரம் மைதானம் முதலியவற்றை நிறைக்கும் ஆட்டத்துக்கு அடித்தளமிட்டவர்கள்.

நமது மாணவப் பருவத்தில் இத்துறைமுகப் பகுதியில் முதியவர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. அப்பொழுது அவருக்கு எண்பது வயதிருக்கும். இளமையில் டொக்யாட் பட்டறையொன்றிலே கையாளாகச் சேர்ந்தவர். தம் ஒழுங்கையின் கழகத்தை விட்டு ஒருநாளும் அகலாதவர். அவர் வெறுத்தது அடுத்த தெருவின் கழகத்தை. அவ்விரு கழகங்களின் பெயர்களும் இங்கு வேண்டியதில்லை. எதிர்க் கழகத்தின் மேற்சட்டை நிறத்தில் மகள் வாங்கி வந்த தைப்பொங்கற் சட்டையை அவர் உடுத்தவில்லை. அத்தெரு மீன்காரரிடம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கமாட்டார். சந்தைக்குச் செல்லக் குறுக்குவழி இருந்தும் சுற்றியே சென்றார். இவற்றைக் கூறுகையில் அவர் முகத்தில் வெட்கம் இருக்கவில்லை. ஒருவகைக் கடமையுணர்ச்சியே இருந்தது.

பகையின் மூலம் 1950களின் நடுப்பகுதியில் நிகழ்ந்த ஓர் இறுதியாட்டம். பந்து கோட்டைத் தாண்டியதென்று இவர் தரப்பும் தாண்டவில்லையென்று அவர் தரப்பும் நின்றன. தாண்டவில்லை என்று தீர்ப்பளித்த மத்தியஸ்தர் கடற்படைத் தளத்து வெள்ளையர் ஒருவர். நாம் முதியவரிடம் மீண்டும் மீண்டும் கேட்டது இதைத்தான்: அந்த வெள்ளையர்மீது கோபம் இல்லையா? அவர் வியப்போடு எம்மைப் பார்த்தார். வெள்ளையர் ஊதினார், போனார். அடுத்த தெருவார் அல்லவா அந்த ஊதலை ஏற்றுக்கொண்டு கிண்ணத்தைத் தூக்கினர் என்பதே அவர் மறுமொழி.

இம்மறுமொழியை நாம் விரிவாக நோக்குதல் வேண்டும். குடியேற்ற ஆட்சியின் அதிகார உறவு ஆட்டத்தின் மேல் நிற்கின்றது; விதியும் ஊதுகுழலும் அதன் கையில் இருக்கின்றன. கோபமோ மேல்நோக்கிச் செல்வதற்குப் பதிலாகப் பக்கவாட்டிற் செல்கின்றது. இதனைப் பொய்யுணர்வு என்று கூறி முடித்துவிடலாம். அவ்வாறு கூறுவது முற்றிலும் தவறுமன்று. ஆயினும், அவர் வெறுத்த கழகத்தின் பின்காப்பாளர் ஒருவர் அதே பட்டறையில் அவருக்கு அடுத்த மேசையில் வேலைசெய்தவர். 1957 அக்டோபர் 15இல் தளம் இலங்கை அரசிடம் கைமாறிய பின்னர் வேலைகள் சுருங்கியபோது இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். தளம் மீண்டமை தேசிய இறைமையின் வெற்றி என்று நமது நூல்கள் எழுதுகின்றன. அது சரியே. அந்த வெற்றியின் மறுபக்கத்திலே வேலையிழந்து நின்ற இவ்விருவரும் அக்காலத்தில் ஒன்றாக வேலைதேடி அலைந்தனர். வழிநெடுக அந்தக் கோலைப் பற்றியே சண்டையிட்டனர். பேச வேறெதுவும் இல்லாதிருந்த நாட்களில் அச்சண்டையே தம்மைத் தாங்கியது என்ற பொருள்பட முதியவர் கூறினார்.

இவ்விடத்தில் இலங்கையின் விளையாட்டுக் கழக வரலாறு பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. கொழும்பின் கிரிக்கெற் கழகங்கள் பல இனப்பெயர் தாங்கி எழுந்தவை: சிங்களவர் கழகம், தமிழர் கழகம், சோனகர் கழகம், மலாயர் கழகம், பறங்கியர் கழகம். ஆங்கிலம் கற்ற மத்தியதர வர்க்கம் சட்டசபையில் இனவாரியாக ஆசனம் கேட்டதற்கும் மைதானத்தில் இனவாரியாக ஆடியதற்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. உதைபந்துக் கழகங்களோ பெருமளவுக்குத் தெருவையும் ஒழுங்கையையும் மீன்பிடித்துறையையும் அடிப்படையாகக் கொண்டவை. கொம்பனித்தெருவின் ஜாவா லேன் கழகம் ஓர் ஒழுங்கையின் பெயரையே தாங்கி நிற்பது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நிகழும் கிரிக்கெற் ஆட்டம் கல்விமான்களின் திருவிழா. குருநகர்ப் பாடுமீன் கழகத்துக்கும் நாவாந்துறை சென் மேரிஸ் கழகத்துக்கும் இடையிலான உதைபந்தாட்டமோ கடற்றொழிலாளரின் ஆட்டம். இவ்விரு துறையாரும் ஒரே தொழிலினர். பெரும்பாலும் ஒரே மதத்தினர். வேறுபாடு மிகச் சிறிதாயிருக்கும் இடத்திற்றான் பகை மிகக் கூர்மையாக இருக்கின்றது.

இப்பகைமை முழுவளர்ச்சி பெற்ற களத்தைக் காண நாம் கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும். அதுவும் ஒரு துறைமுக நகரமே. 1911 யூலை 29இல் மோகன் பகான் கழகம், ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2–1 எனத் தோற்கடித்துக் கேடயத்தை வென்றது. அன்று எதிரி தெளிவாகத் தெரிந்தான்: சப்பாத்து அணிந்த ஏகாதிபத்தியம். ஒன்பது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை யோராபாகான் கழகம் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தினின்றும் விலக்கி வைத்ததால் வெகுண்டோர் 1920 ஆகத்து 1இல் ஈஸ்ற் பெங்கால் கழகத்தை நிறுவினர். மேற்கு வங்கத்துப் பூர்வ குடிகளுக்கும் கிழக்கினின்று வந்தோருக்கும் இடையிலான ஏளனம் ஒரு கொடியைப் பெற்றது. 1947இன் பிரிவினைக்குப் பின்னர் உடைமையிழந்து வந்த இலட்சக்கணக்கான அகதிகளுக்கு அக்கொடி இழந்த ஊரின் அடையாளமாயிற்று. ஈஸ்ற் பெங்கால் வென்றால் இலிசு மீனும் மோகன் பகான் வென்றால் இறாலும் விலையேறும் என்ற வழக்கு இன்றும் உண்டு. சமையலறை வரை சென்று வேர்விட்ட பகை அது.

அப்பகையின் கொடுமையை மறைக்க நாம் விரும்பவில்லை. 1975 செப்ரெம்பர் 30இல் மோகன் பகான் 0–5 எனத் தோற்றபோது இளம் இரசிகர் ஒருவர், மறுபிறப்பில் சிறந்த ஆட்டக்காரராய்ப் பிறந்து பழிதீர்ப்பேன் என்ற கருத்துப்பட எழுதிவைத்துவிட்டு உயிர்துறந்தார். 1980 ஆகத்து 16இல் ஈடன் தோட்ட அரங்கிலே நிகழ்ந்த மோதலிலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் மாண்டனர். இறந்தோரிற் பெரும்பாலானோர் இளைஞர். வேலையின்மையும் நெருக்கடியும் சூழ்ந்த ஒரு நகரத்தின் இளைஞருக்கு வெற்றி என்ற ஒன்று கிடைக்கக்கூடிய ஒரேயிடமாக மைதானம் இருந்தமையை இம்மரணங்களோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

எனினும் அதே நகரத்தின் அண்மைக்கால நிகழ்ச்சியொன்று வேறொன்றைக் காட்டுகின்றது. 2024 ஆகத்தில் கல்கத்தாவின் அரச மருத்துவமனையொன்றில் பயிற்சி பெற்றுவந்த பெண் மருத்துவர் பாலியல் வல்லுறவுக்குட்படுத்திக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்தெழுந்தது. ஆகத்து 18இல் நடைபெறவிருந்த இரு கழகங்களின் ஆட்டம் இரத்துச் செய்யப்பட்டது. அன்று மாலை மோகன் பகான், ஈஸ்ற் பெங்கால், மொகமதன் ஸ்போட்டிங் ஆகிய மூன்று கழகங்களின் இரசிகர்களும் தத்தம் கொடிகளுடன் அரங்குக்கு வெளியே ஒன்றுகூடி நீதி கேட்டனர். பொலிசாரின் தடியடியையும் ஒன்றாகவே வாங்கினர். நூறாண்டுப் பகை அன்று மறைந்துவிடவில்லை. ஒருவரையொருவர் நன்கறிந்தவர்களாகவே, எதிரிகளாகவே, அவர்கள் அங்கு நின்றனர்.

இதற்கு மாறான சான்றுகளும் உள. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற மொகமதன் ஸ்போட்டிங்கின் எழுச்சியை, முஸ்லிம் மக்களின் நியாயமான பெருமிதத்தோடு மட்டும் நாம் நிறுத்திவிட முடியாது. அரசியலில் வகுப்புவாதம் வலுப்பெற்ற அக்காலத்தில் மைதானமும் அவ்வண்ணம் பூண்டது. 1969 யூலையில் எல்சல்வடோரும் கொண்டூராசும் பொருத நான்கு நாட் போரை உதைபந்துப் போர் என்றே உலகச் செய்தித்தாள்கள் அழைத்தன. உண்மையில் அதன் வேர் நிலத்திலிருந்தது: கொண்டூராசிற் குடியேறிய இலட்சக்கணக்கான நிலமற்ற சல்வடோரியரை நிலச்சீர்திருத்தத்தின் பெயரால் வெளியேற்றியமையே உடனடிக் காரணம். தெருவின் பகை அரசின் பகையாக மாறுவதற்கு மைதானத்துக்கு வெளியே நிலமும் குடியேற்றமும் ஆயுதமும் வேண்டியிருக்கின்றன. திருகோணமலை மாவட்டத்திலும் கந்தளாய் முதலிய குடியேற்றத் திட்டங்களின் அரசியலே இன உறவுகளைத் தீர்மானித்தது. எந்த ஆட்டத்தின் கோலும் அன்று.

1983க்குப் பின்னர் நகரம் தெருத்தெருவாகப் பிளந்தது. 1985, 1990, 2006 என ஒவ்வோர் அலையிலும் வீடுகள் எரிந்தன. மக்கள் ஊர்விட்டு ஊரும் கடல்கடந்தும் சென்றனர். முதியவர் வெறுத்த தெருவும் அவ்வாறு வெறுமையாயிற்று. இவ்வாண்டுகளைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் கூறினார்: அத்தெருவாரைத் தாம் எவ்வளவு வெறுத்தபோதிலும் அவர்கள் வீடு எரிய வேண்டுமென ஒருநாளும் எண்ணியதில்லை, அடுத்த சனிக்கிழமை அவர்கள் மைதானத்துக்கு வந்தாக வேண்டுமே. இவ்விரண்டு வெறுப்புகளையும் ஒரே சொல்லால் வழங்குவது நமது மொழியின் வறுமையா, அல்லது நமது ஆய்வின் வறுமையா என்று நாம் அன்று எண்ணியதுண்டு. எதிரணியின் தோல்வியை விரும்புவதற்கு எதிரணி இருக்க வேண்டும். இனவெறுப்பு விரும்புவதோ மறுதரப்பு இல்லாதொழிவதை. முன்னதிலிருந்து பின்னது இயல்பாகவே வளரும் என்ற கருத்து இந்நகரத்தைப் பொறுத்தவரை பொருந்தாது என்றே நாம் கருதுகின்றோம். முன்னது அழிந்த பின்னரே பின்னதற்கு அங்கு முழு இடம் கிடைத்தது.

போர் ஓய்ந்து மைதானங்களில் மீண்டும் ஆட்டம் தொடங்கியபோது முதியவர் சென்று பார்த்தார். எதிர்க் கழகம் பெயரளவிலேயே எஞ்சியிருந்தது. பதினொருவரைச் சேர்ப்பதற்கே வேறு ஊர்களிலிருந்து இளைஞரை அழைத்து வந்திருந்தனர். தம் ஒழுங்கைக் கழகம் பெருவெற்றி ஈட்டிய அன்று இடைவேளையிலேயே அவர் எழுந்து வீடு திரும்பியதாக அவர் மகள் எம்மிடம் கூறினார்.

நாம் கடைசியாகச் சென்றவேளை அவர் படுக்கையில் இருந்தார். பேரன் எங்கோ விசாரித்து, அந்தப் பழைய பின்காப்பாளர் ரொறன்ரோவில் மகனோடு வசிக்கின்றார் என்று அறிந்து தொலைபேசி எண்ணைப் பெற்றிருந்தான். நாம் சென்ற நேரத்தில் அந்த உரையாடல் நடந்துகொண்டிருந்தது. சுகம் விசாரித்தது ஓரிரு வார்த்தைகளே. பந்து கோட்டைத் தாண்டிற்று என்று இவர் உரத்துக் கூறினார். மறுமுனையிலிருந்து இல்லையென்ற குரல் எமக்கும் கேட்டது. காத்திருந்து பார்த்தோம். அரைமணி நேரம் கழிந்தும் அது முடிவதாயில்லை. மகளிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டோம்.